கடல் வரலாறும் இரண்டு மன்னர்களின் நூலகங்களும்
(ஒரகடத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய கடற்படை வரலாற்று நூல்களையும் அவற்றை ஒருகாலத்தில் வைத்திருந்தவர்களையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த வட்டாரத்துக்கும் இந்தப் பொருளுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லத்திலும் செய்கிற வண்டிகள் ட்ரெய்லரில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கோ போய்க் கப்பலேறுகின்றன. கடலுக்கு அப்பால் வாங்குகிறவர் இருப்பதால் இங்கே பல அசெம்பிளி லைன்கள் ஓடுகின்றன. அந்தக் கடல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது இந்த மண்ணின் கதையும்தான். அந்தக் கதையின் ஒரு பகுதி நூல்களின் உள்ளே இருக்கிறது. இன்னொரு பகுதி அந்த நூல்களின் அட்டையிலும் முதல் வெற்றுத்தாளிலும் இருக்கிறது. இரண்டாவது பகுதியை நாம் படிப்பதே இல்லை.

1890இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு நூல் வெளியானது. எழுதியவர் ஆல்ஃபிரட் தேயர் மஹான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1660 முதல் 1783 வரை நடந்த ஐரோப்பியக் கடற்போர்களை எடுத்துக்கொண்டு, கடலைக் கையில் வைத்திருந்த நாடே வரலாற்றை நடத்தியது என்று வாதிட்ட நூல் அது. கடற்படை வரலாறு என்றால் இன்றும் முதலில் சொல்லப்படுகிற நூல்களில் ஒன்று. அதை வைத்திருந்து படித்தவர்களின் வரிசை நூலைப் போலவே புகழ்பெற்றது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், நூல் வந்த ஆண்டிலேயே அதற்கு மதிப்புரை எழுதினார். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் அதை நெட்டுருச் செய்ய முயல்வதாக 1894இல் தெரிவித்தார்; தம் போர்க்கப்பல்களிலெல்லாம் ஒரு பிரதி இருக்கச் செய்தார். ஜப்பானிய மொழியிலும் அது வெளிவந்தது. முதல் உலகப்போருக்கு முந்தைய கால் நூற்றாண்டில் கப்பல் கட்டும் போட்டிக்கு இந்த ஒரு நூல் கொடுத்த வேகம் கொஞ்சமல்ல.

அந்த நூலின் பன்னிரண்டாம் அத்தியாயம் நம் கடற்கரையில் நடக்கிறது. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் 1782, 1783 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை மோதினார்கள். முதல் மோதல் 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நடந்தது. இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தக் கரைக்குப் போய்விடலாம். கல்பாக்கத்தை ஒட்டி டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து நிற்கிறதே, அதே ஊர்தான். ஹியூஸிடம் 9 கப்பல்கள். சஃப்ரானின் அணி அதைவிடப் பெரியது. ஆனால் அவருடைய கப்பல் தலைவர்களில் சிலர் கட்டளைப்படி நெருங்கி வரவில்லை. ஹியூஸின் கொடிக்கப்பலும் 'எக்ஸிட்டர்' என்ற கப்பலும் பலமாக அடிவாங்கின. வெற்றி யாருக்கென்று முடிவாகாமலே பொழுது சாய்ந்தது. பிறகு ஏப்ரலில் இலங்கைக் கரைக்கு அருகே ஒரு மோதல், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஒன்று, செப்டம்பரில் திருகோணமலை, அடுத்த ஆண்டு ஜூனில் கடலூர்.

மஹான் இதை எழுதுகிற விதம் அருமையானது. காற்று எந்தத் திசையில், எந்தக் கப்பல் முன்னால், எது பின்தங்கியது என்று கண்ணெதிரே காட்டுகிறார். ஆனால் அந்தப் பக்கங்களில் கரையில் இருந்த நம் மக்களைத் தேடிப் பாருங்கள். அப்போது சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் நெருங்கி நிற்கத் துறைமுகமே கிடையாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன. குடிதண்ணீர், அரிசி, வெடிமருந்து, காயம்பட்டவன், தளபதி எல்லாமே அலை உடைகிற இடத்தைக் கடந்தாக வேண்டும். அதைக் கடக்கத் தெரிந்தவை நம் மசூலா படகும் கட்டுமரமும்தான். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகு, அலை அறையும்போது வளைந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த இடத்தில் உடைந்துபோகும். இரண்டு வல்லரசுகளின் கடற்படைகளும் நம் மீனவர்களின் துடுப்பை நம்பியே இந்தக் கரையில் நின்றன. கடற்போர் வரலாறுகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் கப்பல்கள் கரையை விட்டு ஓடியாக வேண்டும் என்ற அறிவும் கரைக்காரர்களுக்குச் சொந்தமானதே.

அப்படியானால் இந்த நூல்களில் நமக்கு இடமே இல்லையா? அச்சிட்ட பக்கங்களில் குறைவுதான். அச்சிடாத இடத்தில் நிறைய இருக்கிறது.

நீங்கள் பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பீர்கள், சேசிஸ் நம்பர் பார்ப்பீர்கள், முந்தைய உரிமையாளர் யார், எத்தனை கை மாறியது என்று பார்ப்பீர்கள். ஒரே நாளில் ஒரே லைனில் இறங்கிய இரண்டு வண்டிகள் பத்து ஆண்டுகள் கழித்து ஒரே வண்டி அல்ல. நூலும் அப்படித்தான். ஆயிரம் பிரதி அச்சான நூலில் வாசகம் ஒன்றே. ஆனால் யார் வாங்கினார், யார் பறித்தார், எந்தக் கல்லூரி முத்திரையிட்டது, எந்த ஏலத்தில் போனது என்பதில் ஒவ்வொரு பிரதியும் தனித்தனி ஆவணம். அந்த ஆவணத்தில் இந்தக் கரையின் மக்கள் வருகிறார்கள்.

இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. இரண்டும் 1799ஆம் ஆண்டில் வந்து சேர்கின்றன. ஒன்று திப்பு சுல்தானின் நூலகம். மற்றொன்று தஞ்சை இரண்டாம் சரபோஜியின் நூலகம்.

திப்புவின் நூலகக் கதை இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. 1780இல் திப்புவின் தந்தை, மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கினார். ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் படை பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போனது. வடக்கேயிருந்து அதோடு சேர வந்துகொண்டிருந்த பெய்லியின் படையை, செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புள்ளலூர் அதிக தூரமில்லை. அடுத்த ஆண்டு அங்கே நடந்த இன்னொரு சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் இன்றும் அந்த ஊரில் நிற்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடைக்கால மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. புள்ளலூரின் நிலப்போரும் சதுரங்கப்பட்டினத்தின் கடற்போரும் ஒரே யுத்தத்தின் இரண்டு முனைகள். 1782 ஜூலையில் ஹைதர் கடலூருக்குப் போய் சஃப்ரானை நேரில் சந்தித்ததை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

அதே 1780இல், சித்தூர்க் கோட்டையில் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் தம்பி அப்துல் வஹாப் கானுடைய நூல்கள் ஹைதரின் கைக்குப் போயின. பாரசீக, அரபுக் கையெழுத்து நூல்கள் அவை. கடப்பையிலிருந்தும் சவணூரிலிருந்தும் எடுத்துவரப்பட்ட நூல்கள் அவற்றோடு சேர்ந்தன. திப்பு இவற்றுக்குத் தனி அழகோடு அட்டை கட்டுவித்தார். தோல் அட்டையின் நடுவில் ஒரு பதக்க வடிவம், அதில் நபிகளின் குடும்பத்தார் பெயர்கள். மூலைகளில் முதல் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள். மேலே இறைவன் அருளிய அரசு என்று பொருள்படும் தம் அரசின் பெயர். எந்த நூலகத்தில் இருந்தாலும் அந்த அட்டையைக் கண்டால் இது திப்புவுடையது என்று சொல்லிவிடலாம்.

1799 மே 4 அன்று திப்பு வாளோடு விழுந்தார். ஏறத்தாழ 2,000 நூல்கள் கொண்ட அந்த நூலகம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்குப் போனது. பெரும்பகுதி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்கும், மற்றவை லண்டனில் கும்பினியின் நூலகத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குமாகப் பிரிந்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் அவற்றுக்கு விவரப்பட்டியல் எழுதி 1809இல் வெளியிட்டார். நூல்கள் எங்கிருந்து பறிக்கப்பட்டவை, அட்டையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் அவர் குறித்து வைத்ததால்தான் சித்தூரில் நடந்தது இன்று நமக்குத் தெரிகிறது. ஆற்காட்டார் வீட்டு நூல், மைசூரின் அட்டை, லண்டனின் முத்திரை: ஒரே நூலில் மூன்று அரசுகள்.

கடலுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், திப்புவிடம் கடற்படைக்கான ஓர் ஆணைநூல் இருந்தது. 1796இல் அவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். 40 போர்க்கப்பல்கள், அவற்றில் பாதி பெரியவை, பாதி விரைவுக் கப்பல்கள். கடற்படைக்கென்று தனி வாரியம், அதிகாரிகள், மேற்குக் கரையில் கட்டுந்துறைகள், எந்த மரம் எங்கிருந்து வரவேண்டும், யாருக்கு என்ன சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் விதி. சஃப்ரான் போன பிறகு இந்தக் கடலில் நண்பன் இல்லை, தானே கப்பல் கட்டாமல் ஆங்கிலேயரை வெல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. மஹான் 1890இல் எழுதிய பாடத்தை ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்பே தோல்வியிலிருந்து கற்றவர் அவர். அந்தக் கப்பல்கள் கட்டி முடியுமுன் அரசே முடிந்தது. அந்த விதிகளை இன்று நாம் படிப்பது 1811இல் லண்டனில் கர்னல் கர்க்பாட்ரிக் வெளியிட்ட திப்புவின் கடிதத் தொகுப்பின் பின்னிணைப்பில்தான். எதிரியின் மொழியில், எதிரியின் அச்சகத்தில், ஒரு மன்னனின் கடற்கனவு நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அதே 1799, அக்டோபர் 25. தஞ்சாவூரில் 22 வயது சரபோஜி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாட்டின் ஆட்சி கும்பினிக்கு. அவருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடாவும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். சண்டை இல்லை, முற்றுகை இல்லை. திப்பு இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

சரபோஜியை நான் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன். தஞ்சை மன்னர் துளஜாஜியின் தத்துப்பிள்ளை, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர், சென்னையில் இருந்து ஆங்கிலம் கற்றவர். அவர் கண் திறந்த நாட்டின் கடற்கரையைப் பாருங்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியக் கொடி. காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக் கொடி. நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுகீசியர், பிறகு டச்சுக்காரர், 1781இலிருந்து ஆங்கிலேயர். சோழர் கப்பல்கள் கடாரத்துக்குப் போன கரையில் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் ஒரு வெளிநாட்டுக் கிடங்கு. இதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், ஆட்சி பறிபோன பிறகு என்ன செய்வார்?

அவர் நூல் வாங்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், இத்தாலியம் என்று பல மொழிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்கள். மருத்துவம், வேதியியல், தாவரவியல், இசை, ஓவியம், பயணம், போர், வரலாறு. வாங்கிய நூல்களில் ஆங்கில எழுத்தில் தம் கையொப்பத்தை இட்டார். 1826இல் பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்தபோது, லவாசியே, லின்னேயஸ், பஃபோன் என்று ஐரோப்பிய அறிவியலாளரை மேற்கோள் காட்டி மன்னர் சரளமாகப் பேசியதைக் கண்டு வியந்து எழுதினார். அவருடைய நூலகமான தஞ்சை சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்தில் ஜான்சனின் ஆங்கில அகராதியை இன்றும் காணலாம். 1820இல் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போனபோதும் வழியெல்லாம் சுவடிகளை வாங்கினார், படியெடுக்கச் செய்தார்.

சேதுபாவாசத்திரத்துக்கு அருகே கடற்கரையில் அவர் மனோராவைக் கட்டினார். எட்டு அடுக்கு, ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814இல் எழுப்பியது என்று தமிழ், ஆங்கிலம், மராத்தி, தெலுங்கு, உருது ஆகிய ஐந்து மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. அங்கே கப்பல் கட்டுமிடமும், கடற்பயணக் கருவிகளின் சேமிப்பும், கப்பற்கலைக்கென ஒரு நூலகமும் அவர் வைத்திருந்ததாக எழுதுகிறார்கள். கப்பற்படை இல்லாத, படையே இல்லாத மன்னரின் கப்பல் நூலகம்!

மனோராவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆட்சியைப் பிடுங்கியவனின் வெற்றிக்குக் கோபுரமா என்று கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் ஒருவரைக் கல்வெட்டைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. கல்வெட்டு கலெக்டரும் ரெசிடெண்டும் படிப்பதற்கு. நூலின் முதல் தாளில் இட்ட கையொப்பம் யாரும் பார்ப்பதற்கல்ல. அந்தக் கையொப்பத்தில், தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட உலகத்தை அறிவாலாவது தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முயன்ற ஒரு மனிதரை நான் காண்கிறேன். ஐரோப்பியரின் கடல், ஐரோப்பியரின் கருவி, ஐரோப்பியரின் போர் எல்லாம் அச்சாகி வந்த ஏடுகளில் தஞ்சை மன்னர் தம் பெயரை எழுதினார். அச்சிட்ட பக்கத்தில் இடமில்லாத நம் கரை, அந்த வெற்றுத்தாளில் நுழைந்தது.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போரிட்டவருடைய நூலகம் சிதறியது. பணிந்தவருடைய நூலகம் நிலைத்தது. திப்புவின் நூல்களைப் பார்க்க லண்டனுக்கும் கொல்கத்தாவுக்கும் போகவேண்டும். சரபோஜியின் நூல்கள் அவர் வைத்த அரண்மனையிலேயே இருக்கின்றன. இதை வைத்துப் பணிவதே மேல் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பணிந்தவருடைய நூலகமும் தப்பியது மயிரிழையில்தான். 1855இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், அரசோடு அரண்மனைச் சொத்தையும் கும்பினி பறிமுதல் செய்தது. அரசி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1859இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. ஆனாலும் 1862இல் அரசு சொத்தைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதி 1880இல் வெளியிட்டார். 1918இல் அரச குடும்பத்தார் நூலகத்தைப் பொதுமக்களுக்கென்று கொடுத்தார்கள். வழக்காடிய காமாட்சி பாயியின் பெயரை நூலக வரலாற்றில் நாம் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும். ஏலத்துக்குப் போயிருந்தால் அந்தக் கையொப்பங்கள் இன்று நூறு நாடுகளில் தனித்தனியாகக் கிடந்திருக்கும்.

எதிர்த்திசையில் வந்த நூல்களும் உண்டு. இந்தியாவை ஆள வருகிற இளைஞர்களுக்குப் பயிற்சி தரக் கும்பினி இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியை நடத்தியது. திப்புவின் நூல்களுக்குப் பட்டியல் எழுதிய ஸ்டூவர்ட் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். 1858இல் கல்லூரி மூடப்பட்டது. அங்கே மிகுதியாகக் கிடந்த நூற்றுக்கணக்கான நூல்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு அருங்காட்சியகத்திடம் சேர்ந்தன. 1860இல் கேப்டன் ஜெஸ்ஸி மிச்செல் அவற்றைக் கொண்டு அருங்காட்சியகத்திலேயே ஒரு சிறு நூலகம் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1896 டிசம்பரில் கன்னிமாரா பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. நம்மை ஆளக் கற்றுக்கொடுத்த நூல்கள், ஆளப்பட்டவர்கள் யாரும் உள்ளே வந்து படிக்கலாம் என்ற நூலகத்துக்கு விதையாயின. எழும்பூரிலிருந்து இங்கே பஸ் ஏறி வருகிற மாணவர்கள் ஒருநாள் பஸ் ஏறுமுன் அங்கே போய்ப் பாருங்கள்.

நூல் யாரிடமிருந்து வந்தது என்று குறித்து வைப்பதை நாம் ஐரோப்பியரிடம் கற்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடியின் கடைசியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதியது, இன்னாருக்குரியது என்று எழுதுவது நம் வழக்கம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து கடைசி வரை, எந்த ஊரில் யார் வீட்டுப் பிரதி என்று முகவுரையில் நன்றியோடு பட்டியலிட்டார். அந்தப் பட்டியல்கள் இல்லையென்றால், திருநெல்வேலிக் கவிராயர் வீடுகளிலும் மடங்களிலும் தமிழைக் காத்து வைத்திருந்த குடும்பங்கள் இன்று பெயரில்லாமல் போயிருக்கும்.

இங்கிருந்து போகும் சாலையின் மறுமுனைக்கு அருகே இருக்கிற மறைமலைநகரின் பெயரே ஒரு நூல் உரிமையாளரின் பெயர்தான். மறைமலையடிகள் 1876இல் பிறந்தது நாகப்பட்டினத்தில். தொன்மையான துறைமுக ஊர்ப் பிள்ளை, பட்டினப்பாலைக்கு ஆராய்ச்சியுரை எழுதியதில் வியப்பில்லை. 1911க்குப் பிறகு பல்லாவரத்தில் இருந்துகொண்டு சுமார் 4,000 நூல்களைச் சேர்த்தார். தமக்குப் பின் அவை தமிழ் மக்களுக்குப் பயன்படவேண்டும் என்று விரும்பினார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றைக் கொண்டு 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரால் நூலகம் அமைத்தது. மறைமலைநகரில் வேலைக்குப் போய்வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்த அவையில் இருப்பவர்களாவது ஊர்ப்பெயரைச் சொல்லும்போது அந்த நாலாயிரம் நூல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றி இந்தியர்கள் எழுதிய நூல்களும் வந்தன. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டு, அவர் சிறையில் செக்கிழுத்து வெளியே வந்த அதே 1912இல், ராதா குமுத் முகர்ஜியின் இந்தியக் கப்பல் வரலாறு லண்டனில் வெளியானது. 1945இல் சர்தார் கே.எம். பணிக்கர், மஹானின் தலைப்பையே எடுத்துக்கொண்டு, இந்திய வரலாற்றின்மீது கடலாதிக்கத்தின் செல்வாக்கு என்று துணைத்தலைப்பிட்டு இந்தியப் பெருங்கடலைப் பற்றி எழுதினார். தமிழில் நமக்கிருந்த பழைய 'கப்பல் சாத்திர'ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சிட்டது. கப்பலுக்கு மரம் தேர்வதும் அளவு கொள்வதும் நம் மொழியிலேயே எழுதப்பட்ட நூல் அது. சோழர் கடற்படையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அந்தச் சாத்திரத்தைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். எனக்கு இது தீராத வருத்தம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பழைய நூலின் உரிமை வரலாறு எப்படி அழிகிறது? பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான். நூல் நைந்துவிட்டது என்று பைண்டிங்குக்குக் கொடுக்கிறோம். பைண்டர் பழைய அட்டையையும் முதல் வெற்றுத்தாளையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புது காலிகோ அட்டை ஒட்டித் தருகிறார். கையொப்பம், ஊர், தேதி, பரிசளித்தவர் எழுதிய வரி எல்லாம் குப்பைக்கூடையில். ஸ்கேன் செய்கிறவர்கள் முதல் அச்சுப் பக்கத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை அழுக்கு என்று மென்பொருளால் துடைத்துவிடுகிறார்கள். நூலகத்தின் எண் ஒட்டும் சீட்டு, சரியாக யாரோ எழுதிய பெயரின்மேல் உட்காருகிறது. பெரியவர் இறந்தால் பிள்ளைகள் அலமாரியை மொத்தமாக எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனை வீட்டு நூலகங்களின் கடைசிச் சுவடு அதோடு போயிற்று!

இந்த அறக்கட்டளை ஒரகடத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நூலகம் தொடங்க எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு என் வேண்டுகோள்கள் சில. நன்கொடையாக வரும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டோடு நின்றுவிடாமல், கொடுத்தவர் யார், அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, நூலில் என்ன கையெழுத்து, முத்திரை, சீட்டு இருக்கிறது என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பைண்டரிடம் கொடுக்குமுன் பழைய அட்டையைத் தனி உறையில் போட்டு அதே நூலோடு வையுங்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் செல்போனிலாவது படமெடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் பெயர் எழுதிய நூலைக் கழித்துவிடாதீர்கள். இங்கே முதல் தலைமுறையாக ஆலைக்கு வந்தவர்கள் வைத்திருக்கும் பயிற்சிக் கையேடுகள், மெஷின் மேனுவல்கள், ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதிய ஜப்பானிய, கொரிய வரைபடங்கள் எல்லாமே அந்த அலமாரிக்குரியவை. ஐரோப்பிய அச்சு நூலில் சரபோஜி கையொப்பமிட்டதற்கும், ஜெர்மன் இயந்திரத்தின் கையேட்டில் வாலாஜாபாத் பக்கத்துப் பையன் தமிழில் குறிப்பெழுதியதற்கும் இடையே நான் பெரிய வேற்றுமை காணவில்லை.

தொடக்கமாக என் கையிலிருக்கும் பணிக்கரின் நூற்பிரதியை இந்த நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் தம் பெயரையும் பதவியையும் ராயபுரத்து முகவரியையும் முதல் தாளில் பச்சை மையால் எழுதியிருக்கிறார். கப்பல்கள் வருமிடமெல்லாம் பக்க ஓரத்தில் கோடிட்டிருக்கிறார். சேர்க்கை எண்ணை ஒட்டும்போது அந்தத் தாளை விட்டுவிட்டு அடுத்த தாளில் ஒட்டுங்கள்.